சிலேடை என்றால் என்ன, எது சிலேடை இல்லை?

மேடையில் ஒருவர் எதிராளியை ஒரே வரியில் மடக்குகிறார், கூட்டம் கைதட்டுகிறது, மறுநாள் காலை "சிலேடையாகச் சாடினார்" என்று தலைப்பு வருகிறது. அதைப் படித்தவர்களில் பாதிப் பேர் "ஆகா, என்ன சிலேடை!" என்கிறார்கள். மீதிப் பேர் "இதில் சிலேடை எங்கே இருக்கிறது, வெறும் நக்கல்தானே?" என்று கேட்கிறார்கள். இந்தச் சண்டை அடிக்கடி வருகிறது, வந்த வேகத்தில் மறைந்தும் போகிறது, கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

இப்போது 'சிலேடை' என்ற சொல் சாமர்த்தியமான பேச்சு எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் ஆகிவிட்டது. குத்திப் பேசினாலும் சிலேடை, எதுகை மோனையோடு பேசினாலும் சிலேடை, மறைமுகமாக யாரையாவது சுட்டினாலும் சிலேடை. ஆனால் அந்தச் சொல்லுக்கென்று தெளிவான ஓர் இலக்கணம் இருக்கிறது. அது பள்ளிக்கூடத்துப் பரீட்சைக்கு மட்டும் பயன்படுகிற விஷயம் இல்லை. ஒருவர் பேசியதற்கு அவரை எவ்வளவு தூரம் பொறுப்பாக்கலாம் என்பது வரைக்கும் அது போகிறது. அடியிலிருந்து பார்க்கலாம்.

சொல் எங்கிருந்து வந்தது

வடமொழியில் 'சிலேஷ' என்பது தமிழில் 'சிலேடை' ஆனது. வேஷம் வேடமானது, விஷம் விடமானது, பாஷை பாடையானது, அதே வழியில் இங்கேயும் ஷகரம் டகரமாகியிருக்கிறது. மூலச் சொல்லுக்கு ஒட்டிக்கொள்ளுதல், தழுவுதல் என்று பொருள். சித்த மருத்துவத்தில் வாதம், பித்தம், சிலேத்துமம் என்கிறார்களே, அந்தச் சிலேத்துமமும் இதே வேரிலிருந்து வந்ததுதான். சளி ஒட்டும் அல்லவா, அதனால் அந்தப் பெயர். ஆக, சிலேடை என்றால் இரண்டு பொருள்கள் ஒரே சொல்லில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பது. பிரிக்கலாம், ஆனால் பிரிக்கும்வரை ஒன்றாகத்தான் தெரியும்.

தமிழில் இதற்கு 'இரட்டுற மொழிதல்' என்று பெயர். பவணந்தி முனிவரின் நன்னூல் ஒரு நூலுக்கு உரிய 32 உத்திகளைப் பட்டியல் போடுகிறது, அதில் இரட்டுற மொழிதலும் ஒன்று. இதைக் கவனிக்க வேண்டும்: அங்கே அது சிரிப்பு மூட்டும் வழியாகச் சொல்லப்படவில்லை, ஒரு சொல்லால் இரண்டு பொருளைச் சொல்லிவிடும் வழியாகச் சொல்லப்படுகிறது. அதாவது சிலேடை கேட்டால் சிரிப்பு வரலாம், வராமலும் போகலாம். சிரிப்பு அதன் இலக்கணத்தில் இல்லை. இன்றைய குழப்பத்தில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது, ஏனென்றால் நாம் சிரிப்பை வைத்துத்தான் சிலேடையை அடையாளம் காண்கிறோம்.

இலக்கணம் என்ன சொல்கிறது

அணி இலக்கணம் சொல்லும் தண்டியலங்காரத்தில் இதற்குச் சூத்திரம் இருக்கிறது: "ஒருவகைச் சொற்றொடர் பலபொருட் பெற்றி தெரிதர வருவது சிலேடை யாகும்." ஒரே வகையாக நிற்கும் சொற்றொடர் பல பொருள் காட்ட வேண்டும், அவ்வளவுதான். அதை அந்த நூல் இரண்டு வகையாகப் பிரிக்கிறது.

1. செம்மொழிச் சிலேடை. சொல்லைப் பிரிக்கவே வேண்டாம், நின்றபடியே இரண்டு பொருள் தரும். இந்தப் பெயரில் வரும் செம்மொழிக்கும் நாம் பெருமையாகச் சொல்லும் செம்மொழித் தமிழுக்கும் சம்பந்தம் இல்லை. இங்கே அது பிரியாமல் நேராக நிற்கும் சொல் என்று பொருள்படும்.

2. பிரிமொழிச் சிலேடை. ஒருமுறை ஒரு விதமாகவும், இன்னொருமுறை வேறு விதமாகவும் சொல்லைப் பிரித்தால்தான் இரண்டாவது பொருள் வெளியே வரும்.

முதல் வகைக்குத் தண்டியலங்காரம் காட்டும் எடுத்துக்காட்டுப் பாட்டு "செங்கரங்களால் இரவு நீக்கும்" என்று தொடங்குகிறது. சூரியன் தன் சிவந்த கதிர்களால் இரவை நீக்குகிறான், சரி. அதே வரி சோழ மன்னனுக்கும் பொருந்தும்: சிவந்த கைகளால், அதாவது அள்ளிக் கொடுக்கும் கைகளால், இரவை நீக்குகிறான். மன்னன் எப்படி இரவை நீக்க முடியும்? இங்கே 'இரவு' என்றால் இரத்தல், பிச்சை எடுத்தல். இருட்டும் வறுமையும் மூன்றே எழுத்தில் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. இதைப் படித்து யாரும் வாய்விட்டுச் சிரிக்கப்போவதில்லை, ஆனால் பழைய நூல் காட்டும் அசல் சிலேடை இதுதான்.

எள்ளும் பாம்பும்

பிரிமொழி என்ன செய்யும் என்று பார்க்கக் காளமேகத்திடம்தான் போக வேண்டும். 15ஆம் நூற்றாண்டுக்காரர், சிலேடை என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வரும் பெயர். பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் வைத்து அவர் பாடியது இது:

ஆடிக் குடத்தடையும் ஆடும்போ தேயிரையும்
மூடித் திறக்கின் முகங்காட்டும் - ஓடிமண்டை
பற்றிற் பரபரெனும் பாரிற்பிண் ணாக்குமுண்டாம்
உற்றிடுபாம் பெள்ளெனவே யோது

முதலில் பாம்பாட்டியின் பாம்பாகப் படியுங்கள். படம் எடுத்து ஆடிவிட்டுக் குடத்துக்குள் போய் அடைந்துகொள்ளும். ஆடும்போதே சீறும். குடத்தை மூடிவைத்துத் திறந்தால் முகத்தைக் காட்டும். ஓடிவந்து கடித்தால் விஷம் மண்டைக்கேறிப் பரபரவென்று இருக்கும். நாக்கு பிளவுபட்டிருக்கும்.

இப்போது எள்ளாகப் படியுங்கள். செக்கில் ஆட்டினால் எண்ணெயாகிக் குடத்தில் போய்ச் சேரும். ஆடும்போதே செக்கு இரையும், பக்கத்துத் தெருவுக்கே கேட்கும். குடத்தை மூடிவைத்துத் திறந்து பார்த்தால், அசையாமல் நிற்கும் எண்ணெயில் நம் முகம் தெரியும். தலையில் தேய்த்தால் மண்டை முழுக்கப் பரபரவென்று பிடிக்கும். கடைசியில் பிண்ணாக்கும் கிடைக்கும்.

அந்தப் 'பிண்ணாக்கு' என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். எள்ளுக்கு அது மாட்டுக்கு வைக்கும் பிண்ணாக்கு, அப்படியே முழுச்சொல். பாம்புக்கு அது பிள் + நாக்கு, பிளந்த நாக்கு. ளகர மெய்யும் நகரமும் சேர்ந்தால் 'ண்ண' என்று ஆவது தமிழ்ப் புணர்ச்சி விதி. உள் + நாக்கு உண்ணாக்கு ஆவது மாதிரி. புலவர் எதையும் வலிந்து திரிக்கவில்லை, மொழி ஏற்கெனவே வைத்திருக்கும் ஒட்டைத்தான் பயன்படுத்திக்கொண்டார். 'ஆடி' என்ற சொல் பிரியாமலே இரண்டு பக்கமும் வேலை செய்கிறது, 'பிண்ணாக்கு' பிரிந்து வேலை செய்கிறது, ஒரே வெண்பாவில் இரண்டு வகையும் வந்துவிடுகின்றன. இந்தப் பாட்டு ஏன் இத்தனை நூற்றாண்டு தாங்கியது என்று கேட்டால், இதில் எந்த இடத்திலும் ஒரு பொருள் மட்டும் நொண்டவில்லை என்பதுதான் என் பதில். இரண்டு வாசிப்பும் முழு வாசிப்பு.

காளமேகத்தின் பெயரில் வழங்கும் இன்னொரு வெண்பா "முக்காலுக் கேகாமுன் முன்னரையில் வீழாமுன்" என்று போகும். முக்கால், அரை, கால், அரைக்கால், இருமா, மாகாணி, ஒருமா என்று பின்ன அளவுகள் பெரியதிலிருந்து சிறியதாக வரிசையில் இறங்குகின்றன, முக்காலில் தொடங்கி இருபதில் ஒன்று வரைக்கும், அதற்குக் கீழும்கூட. பாட்டு சொல்வதோ வேறு: ஊன்றுகோல் என்ற மூன்றாவது கால் வருவதற்கு முன், நரை விழுவதற்கு முன், இருமல் வருவதற்கு முன், சுடுகாடாகிய மா காணிக்குப் போவதற்கு முன், காஞ்சியில் ஒரு மாமரத்தின் கீழ் இருப்பவரைப் பாடு. அபாரமான வேலைப்பாடு, சந்தேகமே இல்லை. ஆனாலும் இதைப் பாம்பு, எள் வெண்பாவுக்குச் சமமான சிலேடை என்று நான் சொல்லமாட்டேன். இங்கே பின்னங்களாகப் படித்தால் அது ஒரு பட்டியல்தான், வாக்கியமாக நிற்காது. இரண்டாவது பொருள் சொல் அளவில் மட்டும் ஒளிந்திருக்கிறது. இந்த வேறுபாடு கீழே வரும் சோதனைக்கு உதவும்.

பிற்காலத்தில் சிலேடை வெண்பா என்று தனி நூல்வகையே வளர்ந்தது. குற்றாலத்துக்கும் ஒன்று உண்டு, தொட்டிக்கலைக்கும் ஒன்று உண்டு. வெண்பாவுக்கு வெண்பா சிலேடை வைத்து ஊரைப் பாடுவார்கள்.

மூன்று சோதனைகள்

ஒரு பேச்சு சிலேடையா இல்லையா என்று பார்க்க இந்த மூன்று கேள்விகள் போதும்.

1. இரண்டு பொருளும் ஒரே சொல்லிலிருந்து, அந்தச் சொல் ஒரே ஒரு முறை வந்த இடத்திலிருந்து கிடைக்கிறதா?

2. இரண்டு பொருளையும் தனித்தனியாக வைத்துப் படித்தால், இரண்டு தடவையும் வாக்கியம் முழுதாக நிற்கிறதா?

3. அந்த இடத்தில், அந்தச் சூழலில், இரண்டு பொருளுக்கும் வேலை இருக்கிறதா?

உதாரணத்துக்கு ஒரு வாக்கியம் வைத்துக்கொள்வோம்: "தேர்தல் முடிந்த பிறகு யார் வாக்கை எண்ணுகிறார்கள்?" வாக்கு என்றால் ஓட்டு, எண்ணுதல் என்றால் கூட்டிக் கணக்கிடுதல்; வாக்குப் பெட்டியை யார் எண்ணுகிறார்கள் என்ற சாதாரணக் கேள்வி. அதே வாக்கு என்றால் கொடுத்த வாக்குறுதி, எண்ணுதல் என்றால் நினைத்துப் பார்த்தல். சொன்ன சொல்லை யார் நினைக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு. ஒரு எழுத்தும் மாறவில்லை. இரண்டு தடவையும் வாக்கியம் முழுசு. தேர்தல் பேச்சில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. இது சிலேடை.

இதற்குப் பதிலாக ஒருவர் "அவர்கள் கொடுத்த வாக்குறுதியைத் தேட எனக்கு ஒரு பூதக்கண்ணாடி வேண்டும்" என்றால்? கூட்டம் இதற்கும் கைதட்டும், அநேகமாக முன்னதைவிட அதிகமாகவே தட்டும். ஆனால் இதில் எந்தச் சொல்லுக்கும் இரண்டாவது பொருள் இல்லை. இது நக்கல். தலைப்பில் சிலேடை என்று போட்டால் தப்பு.

சிலேடை என்று தவறாகச் சொல்லப்படுபவை

1. நக்கல், எள்ளல், குத்தல். தொல்காப்பியம் நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்று சொல்லும்போது எள்ளலைத்தான் முதலில் வைக்கிறது. அதே தொல்காப்பியம் செய்யுளியலில் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது: நேரடியாக வசைபாடினால் செம்பொருள் அங்கதம், மறைத்துச் சொன்னால் பழிகரப்பு. மேடையில் பெயர் சொல்லாமல் ஒருவரைத் தாக்குவது இந்தப் பழிகரப்புக்குள் வரும். அதற்கு இவ்வளவு பொருத்தமான, பழைய ஒரு சொல் இருக்கும்போது ஏன் சிலேடையைப் போய் இழுக்கிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

2. எதுகை மோனைப் பேச்சு. ஒலி அழகு மட்டும், பொருள் ஒன்றுதான்.

3. சொல் திரும்பத் திரும்ப வருவது. "துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி" என்ற குறளை எடுத்துக்கொள்ளுங்கள். துப்பு என்ற சொல் பல முறை வருகிறது, உண்பவர், உணவு என்று பொருள் விரிகிறது. அழகுதான், ஆனால் ஒரே இடத்தில் இரண்டு பொருள் இல்லை. வந்த சொல்லே மறுபடி வேறு பொருளில் வந்தால் அது மடக்கு, பின்வருநிலை என்று வேறு அணிகளின் கணக்கில் போகும். இதே குறளில் "திருவள்ளுவர் காலத்திலேயே துப்பாக்கி இருந்தது பார்" என்று ஒருவர் விளையாட்டாகச் சொன்னால், துப்பு + ஆக்கி என்று பிரிய வேண்டியதை ஒரே சொல்லாகப் படித்துச் சொல்கிறார். அந்த விளையாட்டு பிரிமொழிச் சிலேடையின் வழியில் நடக்கிறது. குறள் சிலேடை இல்லை, குறளை வைத்து அடித்த ஜோக் சிலேடைக்குப் பக்கத்தில் வருகிறது.

4. இரட்டை அர்த்தம். அமைப்பைப் பார்த்தால் இதுவும் சிலேடைதான், மறுக்க முடியாது. இரட்டுற மொழிதலும் இரட்டை அர்த்தமும் நேருக்கு நேர் ஒரே பொருள் தரும் பெயர்கள். ஆனால் வழக்கில் 'இரட்டை அர்த்தம்', 'டபுள் மீனிங்' என்றால் ஆபாசம் என்று நிலைத்துவிட்டது. அதனால் ஒருவர் கண்ணியமாகச் சொன்ன ஒன்றை இரட்டை அர்த்தம் என்று எழுதினால் அவருக்கு அநியாயம். ஆபாசமாகச் சொன்னதைச் சிலேடை என்று எழுதினால் கேட்டவர்களுக்கு அநியாயம். இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது.

5. கவுண்டர். எதிராளி சொன்னதற்கு அந்த நொடியே பதிலடி கொடுப்பது. இங்கே முக்கியம் வேகம், இன்றைய பேச்சில் டைமிங். கவுண்டர் சிலேடையாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

6. கடி, அறுவை, மொக்கை. இந்தப் பெயர்கள் ஜோக்கின் தரத்தைச் சொல்கின்றன, வகையைச் சொல்லவில்லை. கவனித்துப் பார்த்தால் கடி ஜோக்குகளில் நிறைய அசல் சிலேடைகள்தான். "ஆறு மணிக்கு ஏன் யாரும் குளிக்கக் கூடாது? ஆறு மணிக்குச் சொந்தம்" என்றால் ஆறு, மணி என்று இரண்டு சொல்லும் இரட்டுற நிற்கின்றன, கேட்டவர் தலையில் அடித்துக்கொள்கிறார். தரம் குறைவு என்பதற்காக அது சிலேடை இல்லாமல் போகாது.

7. பகடி, பகிடி. தமிழ்நாட்டு எழுத்தில் பகடி என்றால் ஒன்றைப் போலவே செய்து காட்டிக் கேலி செய்வது. இலங்கையில் பகிடி என்றால் எல்லா வேடிக்கைப் பேச்சும். "பகிடி விடாதே" என்று வீட்டில் சாதாரணமாகச் சொல்வார்கள். அதிலிருந்து வந்த 'பகிடிவதை' என்ற சொல்தான் அங்கே கல்லூரி ராகிங்குக்குப் பெயர், அதைத் தடைசெய்ய 1998இல் அங்கே தனிச்சட்டமும் வந்தது. இலங்கைச் செய்திகளில் பகிடிவதை என்று பார்த்துவிட்டு ஏதோ நகைச்சுவை விஷயம் என்று நினைத்துக் கடந்துபோகும் தமிழ்நாட்டு வாசகர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது, அது கொடுமை பற்றிய செய்தி.

வாயும் எழுத்தும் ஒத்துப்போகாத இடங்கள்

தமிழில் சிலேடை இவ்வளவு எளிதாக வருவதற்குக் காரணம் ஒருபொருளில் நிற்காத சொற்கள் ஏராளம் என்பது மட்டும் இல்லை. ஆறு, படி, மாலை, திங்கள், நூல், அடி என்று அடுக்கலாம், எல்லா மொழியிலும் இப்படிச் சில உண்டு. தமிழின் தனிவசதி புணர்ச்சி. இரண்டு சொல் சேரும்போது ஓர் எழுத்து மறைகிறது, ஒன்று தோன்றுகிறது, ஒன்று திரிகிறது. சேர்ந்த பிறகு அது எதிலிருந்து வந்தது என்று ஒன்றுக்கு மேற்பட்ட பதில் வருகிறது. அந்தக் காலத்து ஓலையில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடமாட்டார்கள், பல ஓலைகளில் புள்ளிகூட வைக்கமாட்டார்கள். படிப்பவரே பிரித்துப் படிக்க வேண்டும். சிலேடைப் புலவர்களுக்கு அது விளைநிலம்.

அச்சு வந்ததும் இடைவெளி வந்தது. இடைவெளி விட்டால் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள் என்று ஆகிறது. மேடைப் பேச்சாளர்கள் நடுவே வழங்கும் ஒரு பழைய சிலேடை இதற்கு நல்ல உதாரணம். கூட்டத்தில் ஒலிபெருக்கி மக்கர் செய்தது, வேறு மைக் கொண்டுவந்தார்கள், அதுவும் வேலை செய்யவில்லை, பேச வந்தவர் "இம்மைக்கும் உதவவில்லை, மறுமைக்கும் உதவவில்லை" என்றாராம். இந்தப் பிறவிக்கும் அடுத்த பிறவிக்கும் உதவவில்லை என்று ஒரு பொருள். இந்த மைக்கும் மறு மைக்கும் உதவவில்லை என்று இன்னொன்று. காதால் கேட்டால் இரண்டும் ஒன்றாக வருகிறது. எழுதும்போது 'இம் மைக்கும்', 'மறு மைக்கும்' என்று ஓர் இடைவெளி விழுந்தால் பிறவி போய்விட்டது, மைக் மட்டும் மிச்சம். 'கலைமகள்' ஆசிரியராக இருந்த கி.வா.ஜகந்நாதன் (1906–1988) உட்கார்ந்த இடத்தில் எல்லாம் இப்படிச் சிலேடை பேசுவதில் பெயர் பெற்றவர், உ.வே.சாமிநாதையரின் மாணவர், பழைய நூல்களில் ஊறிய காதுக்கு இந்தப் பிரிப்புகள் தானாகவே கேட்கும்போல.

இன்னொரு சிக்கல். தமிழ் எழுத்தில் பகரத்துக்கு ஒரே வடிவம், வாயில் இரண்டு மூன்று ஒலி. "அவர் நடிப்பில் பாவம் அதிகம்" என்று எழுதிப் பாருங்கள். முகபாவம் அதிகம் என்று பாராட்டாகவும் படிக்கலாம், பரிதாபமாக இருக்கிறது என்றும் படிக்கலாம். வாயால் சொன்னால் உச்சரிப்பிலேயே எது என்று தெரிந்துவிடும். இது எழுத்தில் மட்டும் பிழைக்கும் சிலேடை.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. ல, ள, ழ வேறுபாடு பலர் பேச்சில் மங்கிவிட்டது, எழுத்தில் மங்கவில்லை. வேலை கிடைத்த பையனைப் பற்றி "நல்ல வேளை" என்று சொன்னால் 'வேலை' என்றும் காதில் விழும். எழுதினால் ஒன்றைத்தான் எழுத முடியும். இலக்கணப்படி எழுத்து வேறானால் சிலேடை இல்லை. அந்தக் கறார் ஓலை எழுத்துக்குப் பொருந்தும், பேச்சுக்குப் பொருந்தாது என்று நினைக்கிறேன். பேச்சில் பிறந்ததை அந்தப் பேச்சின் ஒலியை வைத்து அளப்பதுதான் நியாயம்.

சத்திரத்துப் பாட்டும் பொறுப்பும்

காளமேகத்தைப் பற்றிச் சொல்லிவரும் ஒரு கதை. நாகப்பட்டினத்தில் காத்தான் சத்திரத்தில் பசியோடு காத்திருக்கிறார், சாப்பாடு வரவே இல்லை. கோபத்தில் பாடுகிறார்:

கத்துகடல் சூழ்நாகைக் காத்தான்தன் சத்திரத்தில்
அத்தமிக்கும் போதில் அரிசிவரும் - குத்தி
உலையிலிட ஊரடங்கும் ஓரகப்பை அன்னம்
இலையிலிட வெள்ளி எழும்

பொழுது சாயும்போதுதான் அரிசியே வரும், குத்தி உலையில் போடுவதற்குள் ஊர் தூங்கிவிடும், ஓர் அகப்பை சோறு இலையில் விழுவதற்குள் விடிவெள்ளி முளைத்துவிடும். சத்திரக்காரர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்கிறார், இந்தப் பாட்டு ஊரில் பரவினால் மானம் போகும் என்கிறார். புலவர் ஒரு எழுத்தையும் மாற்றாமல் அதையே வாழ்த்தாக்கிவிடுகிறார்: நாட்டில் உணவு அத்தமித்துப் போகும் பஞ்ச காலத்திலும் இங்கே அரிசி வந்து குவியும், உலையில் இட்டால் ஊரின் பசியே அடங்கும், இலையில் விழும் சோற்றின் வெண்மையைப் பார்த்து வெள்ளி நாணி எழுந்து ஓடும்.

கதையாக ரசிக்கலாம். கூடவே இன்னொன்றையும் பாருங்கள். பாடியபோது அவர் நினைத்தது வசை. வாழ்த்துப் பொருள் பிறகு கேட்டதற்காகக் கொடுக்கப்பட்டது. சிலேடை, சொன்னவருக்குப் பின்வாசல் திறந்துவைக்கிறது என்று இந்தக் கதை நமக்குச் சொல்லித்தருகிறது. அந்தப் பின்வாசலைத்தான் இன்று பலரும் பயன்படுத்துகிறார்கள். யாரையாவது புண்படுத்திப் பேசிவிட்டு, எதிர்ப்பு வந்ததும் "நான் சிலேடையாகச் சொன்னேன், நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டீர்கள்" என்கிறார்கள். இங்கே நடப்பதைப் படிப்படியாகப் பிரித்துப் பார்த்தால்:

1. சிலேடை என்றால் இரண்டு பொருளும் அந்தச் சொற்றொடரில் இருக்கிறது என்று அர்த்தம்.

2. ஆகவே "சிலேடையாகச் சொன்னேன்" என்று ஒருவர் சொன்னால், இரண்டு பொருளையும் தான்தான் வைத்தேன் என்று ஒப்புக்கொள்கிறார்.

3. அப்படியானால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை "நீங்கள் புரிந்துகொண்ட தப்பு" என்று தள்ள முடியாது. அந்தத் தற்காப்பு தனக்குத்தானே முரண்படுகிறது.

4. அவர் உண்மையில் சொல்ல வருவது "நான் ஒரு பொருளில் சொன்னேன், இன்னொன்று தற்செயல்" என்றால் அது சிலேடை இல்லை, தெளிவில்லாத பேச்சு. அதைப் பற்றிப் பேச வேண்டிய விதம் வேறு.

செய்தி எழுதுபவர் 'சிலேடையாகக் கூறினார்' என்று போடும்போது இந்த வேறுபாடு முக்கியமாகிறது. நேரடி வசைக்குச் சிலேடை என்று பெயர் கொடுத்தால், அந்த வசைக்குப் புலவர் பட்டமும் கிடைக்கிறது, தப்பிக்க வழியும் கிடைக்கிறது. திட்டியவரைத் திட்டினார் என்று எழுதுவதே நேர்மை.

வேறு மொழிக்குப் போகும்போது

"யார் வாக்கை எண்ணுகிறார்கள்" என்பதை ஆங்கிலத்துக்கோ இந்திக்கோ கொண்டுபோனால் ஓட்டு எண்ணிக்கையோ வாக்குறுதியோ, ஒன்றுதான் போகும். மொழிபெயர்ப்பு மென்பொருள் அதிகம் புழங்கும் பொருளையே எடுக்கும், அதாவது ஓட்டு. தமிழில் குற்றச்சாட்டாக இருந்தது அங்கே தேர்தல் ஆணைய நடைமுறை பற்றிய கேள்வி ஆகிவிடும். படங்களின் துணைவரியிலும் இதே கதைதான். தியேட்டரில் தமிழ் தெரிந்தவர் சிரிக்கிறார், பக்கத்து இருக்கைக்காரர் வரியைப் படித்துவிட்டு ஏன் சிரிக்கிறார்கள் என்று பார்க்கிறார். பேச்சை எழுத்தாக்கும் செயலிகளில் சிக்கல் இன்னும் முன்னாலேயே தொடங்குகிறது, அவை இடைவெளி விட்டே ஆக வேண்டும், விட்டதும் ஒரு பொருள் செத்துவிடும்.

அதனால் மேடைப் பேச்சைக் கேட்டு எழுதுபவர்கள், துணைவரி போடுபவர்கள் சிலேடை வரும் இடத்தில் செய்யக்கூடியது ஒன்றுதான்: சொல்லைச் சேர்த்தே எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே இரண்டு பொருளையும் தனித்தனியாகக் கொடுத்துவிடுவது. விளக்கினால் சுவை போய்விடும் என்று தயங்குவார்கள். கொஞ்சம் போகும்தான். ஆனால் பாம்பு, எள் வெண்பாவை விளக்கம் இல்லாமல் முதல்முறை படித்து முழுதாகப் புரிந்துகொண்டவர்கள் நம்மில் மிகக் குறைவு, பிண்ணாக்கைப் பிரித்துக் காட்டிய பிறகுதான் முகம் மலர்ந்தது.